தாளைத் தின்ற ஆல்பம்

பக்கத்தைப் புரட்டினாள் செல்வி. அது தனியாகப் புரளவில்லை. அடுத்த பக்கத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

"மைனி, இதென்ன இப்படி ஒட்டுது?"

"ஏளா, பைய. பிய்ச்சிராத" என்றேன்.

ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிரித்தோம். வியர்வையில் நனைந்த ரவிக்கையை முதுகிலிருந்து உரிக்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம். விரலைத் தடவிப் பார்த்தேன். விளக்குக்கு எண்ணெய் விட்ட கை மாதிரி பிசுபிசுத்தது. ஆல்பத்துக்குள்ளிருந்து புழுங்கிப்போன மழைக்கோட்டு வாசனை வந்தது.

செல்வி என் தம்பி இசக்கியின் பெண்டாட்டி. தம்பி இல்லை. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டான். ஆண்டுதோறும் அவன் திதி கழிந்த மறுநாள் அவள் முக்கூடலில் பஸ் ஏறி, பாளையங்கோட்டையில் இருக்கிற என் வீட்டுக்கு வருவாள். ஒரு வாய் சாப்பிடுவாள். பிறகு, "அந்த ஆல்பத்தை எடுங்க மைனி" என்பாள். நான் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன். அதைப் பார்த்துவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவாள். பல காலமாக நடக்கிற வழக்கம்.

அன்றைக்குத்தான் முதல்முதலாக அது எங்கள் கையில் ஒட்டியது. உள்ளே இருக்கிற பணத் தாள்கள் என்ன கதியில் இருக்கின்றனவோ என்று ஒவ்வொரு பையாகக் குனிந்து பார்த்தேன்.

ஊர் போனவன் கொண்டு வருவது

போன வாரம் இந்தப் பத்தியில், சின்ன வயசில் எங்கள் ஐயா கொழும்பிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியதைச் சொன்னேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். பெட்டியைத் திறக்கும் முன்பே அம்மா கையை நீட்டினாள்.

"தாளு எங்க?"

ஐயா வேட்டி மடிப்பிலிருந்து ஒரு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார். கொழும்புப் பணம்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு முறை. கடல் தாண்டிப் பிழைக்கப் போகிற ஆம்பளை, திரும்பி வரும்போது அந்த ஊர்ப் பணத்தில் ஒரு தாளைச் செலவழிக்காமல் கொண்டு வந்து வீட்டுப் பொம்பளை கையில் கொடுக்க வேண்டும். சேலை கொண்டு வந்தானா, சோப்புக் கொண்டு வந்தானா என்பதெல்லாம் பிறகு. ஒரு தாள் மிஞ்சியிருக்கிறது என்றால், போன இடத்தில் அவன் பட்டினி கிடக்கவில்லை என்று அர்த்தம். அம்மா வேறு எதையும் கேட்கமாட்டாள்.

பெரியப்பா மலாயாவிலிருந்து கொண்டு வந்த தாளில் ஒரு ராஜா தலை. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கொஞ்ச காலம் இருந்தார். அவர் கொண்டு வந்ததில் பூப்படம். அதைப் பார்த்துவிட்டு அம்மா, "இந்த ஊருக்காரன் நல்லவனாத்தான் இருப்பான், பணத்துல பூவைப் போட்டிருக்கான்" என்றாள்.

ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் மஞ்சளைக் குழைத்து வைத்து, அதன் மேலே குங்குமம் வைப்பாள். கற்பூர டப்பாவுக்குள் போட்டு, டப்பாவைச் சாமி மாடத்தில் வைப்பாள். அந்தப் பொட்டு கொழும்புத் தாளில் இன்னும் செங்கல் நிறத்தில் இருக்கிறது.

அந்தத் தாளில் தமிழும் இருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போனவள் இல்லை. களை எடுக்கப் போனதில் பாதி, தம்பியைத் தூக்கிச் சுமந்ததில் பாதி என்று படிப்பு நின்றுபோனது. 'ஒரு ரூபாய்' என்று அதில் எழுத்துக் கூட்டி வாசித்த அன்றைக்கு, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். வாத்தியார் வீட்டு மதிலைத் தாண்டும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னேன். இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள் முத்துலட்சுமிதான் எழுதுகிறாள். அதனால் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. எழுதியதை அவளை வாசிக்கச் சொல்லி, தப்பு இருந்தால் திருத்துகிறவள் நான்.

அம்மாவுக்குப் பிறகு டப்பா என் கைக்கு வந்தது. மூத்தவள் நான்தானே.

வெல்வெட்டு அட்டை

இசக்கி எல்லாருக்கும் இளையவன். என் இடுப்பில் வளர்ந்தவன். மஸ்கட்டிலிருந்து முதல் லீவில் வந்தபோது பச்சை நிறத்தில் ஒரு சின்னத் தாள் கொடுத்தான். நூறு பைசாவுக்கு அங்கே தாள் உண்டாம்.

"ஏலே, நூறு பைசான்னா ஒரு ரூவாதானலே? இதுக்கா இம்புட்டுத் தூரம் போன?"

"இல்லக்கா, அந்த ஊரு பைசா கனம் கூட" என்று சிரித்தான்.

தாளின் வெள்ளை ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தான். 'அக்காவுக்கு. இசக்கி.' பெரிய பெரிய எழுத்தாக, எனக்கு வாசிக்க வரும்படியாக.

அடுத்த லீவில் கொண்டு வந்ததுதான் ஆல்பம். சிவப்பு வெல்வெட்டு அட்டை, தங்க நிற மூலை. உள்ளே கனத்த பிளாஸ்டிக் பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தாள் செருகப் பைகள்.

"கற்பூர டப்பாவில கெடந்து பாழாப் போகுதுக்கா. இனி ராஜா மாதிரி இருக்கட்டும்."

அவனே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செருகினான். செல்வி பக்கத்தில் இருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி அப்போதுதான் கொஞ்ச நாள். அவன் கை அவள் கையில் படும்போதெல்லாம் என்னைப் பார்ப்பாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

அதற்கடுத்த தடவை அவனைப் பெட்டியில்தான் கொண்டு வந்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும், தாள் எங்கே என்று கேட்கவில்லை.

சூடு ஏறிய மிஷின்

ஆல்பம் ஒட்டிய கதையை அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன். அவள் கோர்ட்டில் கிளார்க்கு.

"எல்லாத்தையும் லேமினேஷன் பண்ணிரலாம்மா. கோர்ட்டு பக்கத்துக் கடையில அஞ்சே நிமிசம்."

எங்கள் வீட்டில் லேமினேஷன் ஆகாமல் மிஞ்சியிருப்பது நானும் அம்மியும்தான். ரேஷன் கார்டு, பேரனின் மார்க் ஷீட்டு, மருமகன் ஜாதகம், சாமி படம் எல்லாம் கண்ணாடி போல மினுங்கும். எங்கள் தெருவே அப்படித்தான். ஒரு காகிதத்தின் மேல் பாசம் வந்துவிட்டால் கொண்டுபோய் மிஷினில் விட்டுவிடுவோம்.

மறுநாள் ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியும்விட்டேன். கடையில் எனக்கு முன்னால் ஒரு பெண் யாருடையதோ சான்றிதழைக் கொடுத்துவிட்டு நின்றாள். மிஷின் அதைக் கோணலாக இழுத்தது. வெளியே வரும்போது அப்பளம் மாதிரி சுருங்கி, நடுவில் பழுப்பேறி வந்தது.

"சூடு கூடிப்போச்சும்மா" என்றார் கடைக்காரர்.

"திரும்ப உரிச்சிரலாம்லா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"உரிச்சா காயிதமும் சேந்துல்லா வரும்."

நான் பையை மாரோடு அணைத்துக்கொண்டேன். என்ன சாமான் என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் நல்ல மனுஷன். "பழைய ரூவாயா? இதுல விடாதிய. ஜங்ஷன்ல பழைய காசு விக்கிற அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு, அவருகிட்டக் கொண்டு போங்க" என்று அனுப்பிவைத்தார்.

முகர்ந்து பார்த்தவர்

மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் உட்காரும் இடம்தான் கடை. பழைய காசு, தபால் தலை, தாள்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். ஆல்பத்தை அவர் திறக்கவில்லை. முதலில் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஆச்சி, இதை எங்கன வாங்குனிய?"

"மஸ்கட்டுல. உசத்தி சாமான்."

"உசத்திதான், இல்லைங்கல. ஆனா தாளு வைக்க ஆகாது. நீங்களே மோந்து பாருங்க."

"மழைக்கோட்டு வாசனதான வருது?"

"அதேதான். இது பிவிசி. பிளாஸ்டிக்கு வளையணும்னு எண்ணெய் மாதிரி ஒண்ணைச் சேப்பான். நாள்பட்டா அது கசியும். நம்ம ஊரு வெயிலுக்குக் கேக்கவே வேண்டாம். தாளு அதைக் குடிச்சுக் குடிச்சு ஊறிரும். பொறவு தாளுல உள்ள மை பிளாஸ்டிக்குக்குப் போயிரும்."

மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு உறையை எடுத்துக் கொடுத்தார். புதுச் சட்டைக்குள் வைத்திருக்கிற தாள் மாதிரி மொடமொடவென்று இருந்தது. வாசனையே இல்லை. கையில் ஒட்டவுமில்லை.

"இது பாலியெஸ்டர். வாங்கும்போது எவன் என்ன பேரு சொன்னாலும், ஒரு தடவை மோந்து பாருங்க. வாசன அடிச்சா வேண்டாம். தொட்டா கொழகொழன்னு இருந்தாலும் வேண்டாம். உறை தாளைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கணும், மடக்கித் திணிக்கப்படாது. பசை வச்ச ஆல்பம்னு ஒண்ணு விப்பான், அதைத் தொடவே தொடாதிய."

பிறகுதான் ஆல்பத்தைத் திறந்தார். கொழும்புத் தாளைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார்.

"இந்தப் பொட்டு யாரு வச்சது? வெல விழுந்து போச்சே ஆச்சி."

"எங்கம்ம வச்சது. நான் விக்கவா வந்தேன்?"

"கோவப்படாதிய. அப்படியே கெடக்கட்டும். தண்ணி தொட்டுத் துடைக்காதிய, ரப்பர் போட்டு அழிக்காதிய. கையைக் கழுவி நல்லா ஒணத்திட்டு, ஓரத்தைப் புடிச்சுத் தூக்குங்க. போதும்."

கற்பூரம் வைக்கலாமா என்று கேட்டேன், வேண்டாமாம். அந்துருண்டையும் வேண்டாமாம். பீரோவைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டுமாம். மழைக்காலத்து ஈரம் சுவர் வழியாகத்தான் பீரோவுக்குள் வருமாம்.

புது ஆல்பத்தின் விலையைச் சொன்னார். எனக்குக் காது அடைத்தது.

"என்ன, வெள்ளியில செஞ்சிருக்கா?"

சிரித்தார். நான் குறைத்துக் கேட்கவில்லை. மலாயா ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போது பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை.

கிளம்பும்போது சொன்னார். "ஒட்டியிருக்கதை உருவாதிய. பையோட ஓரத்தை வெட்டித் திறந்து, மேல உள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மெதுவாத் தூக்குங்க. இந்த மழைக்கு முன்னால செஞ்சிருங்க. பழைய ஆல்பத்தைத் தூரப் போட்ருங்க. அதே பீரோவுல வச்சா அந்த ஆவி புதுசையும் கெடுத்திரும்."

தூரப் போடு என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

முக்கூடலில் கிடைத்த காப்பி

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டியிருந்தால் அடுத்த திதி வரைக்கும் செல்விக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒளித்துச் செய்கிற வேலை எனக்குப் பழக்கமில்லை. முக்கூடல் பஸ்ஸில் ஏறினேன்.

செல்வி மடியில் சுளகை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். தலையை நிமிர்த்தவில்லை. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தூரப் போடணும்னு யாரு சொன்னா?"

"கடைக்கார அண்ணாச்சி."

"அவருக்கென்ன, புதுசு விக்கணும்லா. நீங்க எழுதப் படிக்கத் தெரியாதவியன்னு கண்டுக்கிட்டு ஏமாத்திட்டாரு."

எனக்குச் சுருக்கென்றது. "என்னை ஏமாத்த ஒருத்தன் இனிமேதாம்ளா பொறக்கணும்."

"ஒங்களுக்குக் கொழும்புத் தாளு, மலாயாத் தாளு பெருசு மைனி. எனக்கு அவிய வாங்கிட்டு வந்த சாமான் பெருசு. பிளேன்ல மேல வைக்காம மடியிலயே வச்சுட்டு வந்தாவளாம்."

"அவன் குடுத்த தாளும் அதுக்குள்ளதாம்ளா கெடந்து ஊறுது."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "தம்பி வெசத்தை வாங்கிட்டு வந்தாம்னு சொல்லதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்திய?"

நான் எழுந்துவிட்டேன். காப்பி குடிக்காமல் போகக்கூடாது என்று கொண்டு வந்து வைத்தாள். அதில் ஒரு துளி சீனி இல்லை. முழுவதையும் குடித்துவிட்டுத்தான் படி இறங்கினேன்.

மழை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. புது ஆல்பம் மேசை மேலும், பழையது பீரோவுக்குள்ளும் இருந்தன. நடுநடுவே திறந்து பார்ப்பேன். சிங்கப்பூர்ப் பூவின் நிறம் இதழை விட்டு வெளியே கசிந்துகொண்டிருந்தது. ராஜாவின் காதுப் பக்கம் எண்ணெய் பட்ட காகிதம் போலத் தெளிந்துவிட்டது.

"உன் தாளு, உன் ஆல்பம். அத்தையைக் கேட்டு என்னம்மா செய்யப் போற?" என்று மகள் கத்தினாள்.

"நீ சோத்தைத் தின்னு" என்றேன்.

நான் செல்விக்குப் போன் போடவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனை முகத்தில் அடித்தது.

கார்த்திகை போய், மார்கழி போய், தை பிறந்த பிறகு ஒரு காலையில் செல்வி வந்து நின்றாள். கையில் துணிப்பை. வா என்று சொல்வதற்குள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க கல்யாண ஆல்பத்தை மோந்து பாத்தேன் மைனி. அதே வாசன."

நான் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தேன்.

"ஒரு போட்டோவை உருவுனேன். அவிய மொகத்துல பாதி பிளாஸ்டிக்கோட வந்துட்டு."

துணிப்பையிலிருந்து பீடி இலை வெட்டுகிற கத்தரியை எடுத்து வைத்தாள். "ஆல்பத்தை எடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். காலி ஆல்பத்தைத் தூரப் போடக்கூடாது. நான் கொண்டு போயிருவேன்."

"கொண்டு போ. அது ஒனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தேன்.

பச்சைத் தாள்

ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துண்டை விரித்து உட்கார்ந்தோம். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, விசிறிக்கு முன்னால் காட்டி ஒணத்தினோம். பிளாஸ்டிக் பையின் ஓரம் ஒட்டியிருக்கிற கோட்டைப் பிடித்து செல்வி கத்தரியை விட்டாள். நாளெல்லாம் இலை வெட்டுகிற கை. நூல் பிசகவில்லை. அவள் மேல் பிளாஸ்டிக்கைத் தூக்கத் தூக்க, நான் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கொழும்புத் தாள் பொட்டோடு வந்துவிட்டது. ராஜா வந்துவிட்டார். சிங்கப்பூர்ப் பூவில் ஓர் இதழ் வெளுத்திருந்தது. பரவாயில்லை என்றாள் செல்வி. பரவாயில்லை என்றேன் நானும். ஒவ்வொன்றையும் புது உறையில் செருகினேன்.

கடைசியாக மஸ்கட் தாள்.

அது லேசில் விடவில்லை. செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் தூக்கினாள். தாள் கிழியாமல் வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளை ஓரத்தில் ஒன்றுமில்லை. பேனா அழுந்திய தடம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது.

"எழுத்து எங்க மைனி?"

பிளாஸ்டிக்கை வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். அதில் நின்றது, நீல மையில், ஒரு சுழி குறையாமல். 'அக்காவுக்கு. இசக்கி.'

பேனா மை முழுக்கப் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. அதைப் பிடுங்கிக்கொள்ள என் கை பரபரத்தது. எனக்கு எழுதியது அது. எனக்கு வாசிக்க வரும்படி பெரிய எழுத்தில் எழுதியது. ஆனால், காலி ஆல்பம் ஒனக்குத்தான் என்று நான் சொல்லிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

செல்வி அந்தப் பையை மட்டும் பக்கத்திலிருந்து வெட்டி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இது ஒங்களுக்கு எழுதுனது."

நீட்டினாளே தவிர, விரல் விடவில்லை. ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில்.

"ஏளா, ஒனக்கு அவன் ஒண்ணும் எழுதலையா?"

"எனக்கு எதுக்கு எழுதுவாவ? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போன்ல பேசுவாவ. கார்டு தீருத வரைக்கும் பேசுவாவ. ஒரு வரி எழுதலையே மைனி. எங்கிட்ட அவிய எழுத்து ஒண்ணுகூடக் கெடையாது." மூக்கை உறிஞ்சினாள். "வருசா வருசம் நான் வேற எதைப் பாக்க வந்தேன்னு நெனச்சிய? ஒங்க ராஜா தலையவா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுத் தாள்களைப் பார்க்க ஒருத்தி பஸ் ஏறி வருகிறாள் என்று இத்தனை காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விரலை எடுத்துவிட்டேன்.

"வச்சுக்கோ."

"அக்காவுக்குன்னுலா இருக்கு."

"வேணும்னா அதை வெட்டிக் குடு. பேரை நீ வச்சுக்கோ."

கத்தரியை எடுத்து இரண்டு சொல்லுக்கும் நடுவில் வைத்தாள். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சேந்தே இருக்கட்டும் மைனி."

அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"ஏளா, அங்கன வைக்காத. வேர்வை பட்டா மையெல்லாம் மேல ஒட்டிக்கிடும்."

"ஒட்டட்டுமே" என்றாள்.

வெல்வெட்டு அட்டையைக் கொண்டு போவதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எழுத்தில்லாத பச்சைத் தாளை ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் புது உறைக்குள் விட்டேன். சத்தமே இல்லாமல் உள்ளே போனது.